கல்வெட்டு அடிக்கும் அச்சகமும் நான் படித்த செயன்முறை முகாமைத்துவமும்

கருத்தரங்கு வகுப்பில் என்னுடைய செயன்முறைப் படத்தை, எங்கள் அச்சகத்தில் ஒரு வேலை படிப்படியாக எப்படி நடக்கிறது என்று கீறிய படத்தை, முதன்முதலாகத் திரையில் போட்டபோது விரிவுரையாளர் கேட்டது ஒரேயொரு கேள்விதான். "இதில எந்த இடத்தில ஆகக் கூட நேரம் போகுது?" எனக்குப் பதில் தெரியவில்லை. 43 பெட்டிகள் கீறியிருந்தேன், வட்டம், சாய்சதுரம், அம்புக்குறி எல்லாம் விதிப்படி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, இரண்டு கிழமை இரவிரவாக இருந்து செய்த வேலை, ஆனால் அந்தக் கேள்விக்கு விடை அந்தப் படத்தில் எங்குமே இல்லை. அவர் கோபிக்கவில்லை. "போய்ப் பார்த்துக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வேலை செய்துகொண்டே வணிகச் செயன்முறை முகாமைத்துவம் படிக்கலாமா, அதால் என்ன பிரயோசனம் என்று அண்மையில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் அரைகுறையாகச் சொன்னதை ஆறுதலாக எழுதிவிடலாம் என்றுதான் இது.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்தின் முன்மேசையில் 9 வருடமாக இருக்கிறேன். கலியாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோவில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட மலர் எல்லாம் வரும். ஆனால் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது கல்வெட்டு. வெளியில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் ஒருவர் இறந்து 31ஆம் நாள் அந்தியேட்டி நடக்கும், அன்று வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலரைத்தான் நாங்கள் கல்வெட்டு என்கிறோம். தேவாரம், திருவாசகம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, நன்றி நவிலல், படங்கள். கலியாண அட்டை இரண்டு நாள் பிந்தினால் சத்தம் போடுவார்கள், பிறகு சமாளிக்கலாம். 31ஆம் நாள் தள்ளிப்போகாது.

ஒருமுறை எங்களிடம் அது பிந்தியது. பந்தி முடிந்து சனம் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் ஓட்டோவில் பெட்டிகளோடு போய் இறங்கினேன். இறந்த அம்மாவின் மகள் வந்து ஒரு புத்தகத்தை எடுத்து, அட்டையில் இருந்த படத்தைக் கையால் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எங்கள் அச்சகத்தில் யாரும் சோம்பேறி இல்லை. எல்லாரும் ஓடி ஓடித்தான் வேலை செய்தோம். அப்படியிருந்தும் ஏன் பிந்தியது என்று அன்று இரவு முழுக்க யோசித்தும் எனக்கு விளங்கவில்லை. அடுத்த தவணை வார இறுதிக் கற்கைநெறியில் விருப்பப் பாடம் எடுக்கச் சொன்னபோது இந்தப் பாடத்துக்குத்தான் பெயர் கொடுத்தேன்.

முதல் நாலைந்து கிழமை கோட்பாடு. செயன்முறைகளை இனங்காணுதல், இப்போது எப்படி நடக்கிறது என்று கண்டறிதல், பகுப்பாய்வு, மீள்வடிவமைப்பு, நடைமுறைப்படுத்தல், கண்காணிப்பு, பிறகு திரும்பவும் முதலில் இருந்து. பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1921இலேயே வேலை ஓட்டத்தைக் குறியீடுகளால் கீறிக் காட்டினார்கள் என்று கேட்டபோது ஆச்சரியமாக இருந்தது. நான் இதைக் கொம்பியூட்டர் வந்த பிறகு வந்த சங்கதி என்று நினைத்திருந்தேன். செயன்முறைகளைப் படமாகக் கீற இப்போது எல்லாரும் பாவிக்கிற பிபிஎம்என் குறியீட்டின் இரண்டாம் பதிப்பு 2011இல் வந்தது, 2013இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கம், தடித்த கோட்டு வட்டம் முடிவு, மூலை வளைந்த பெட்டி வேலை, சாய்சதுரம் பிரியும் இடம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும், படித்துவிடலாம். இப்படிப் படம் கீறுகிற மென்பொருளான கமுண்டா மொடலரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், அதற்காக யாரும் காசு கட்டத் தேவையில்லை.

இங்கேதான் நான் வழுக்கினேன். குறியீடு கைக்கு வந்தவுடன் பாடமே கைக்கு வந்துவிட்டது என்று நம்பிவிட்டேன். முன்மேசையில் இருந்தபடியே, 9 வருட அனுபவம் இருக்குத்தானே என்று, யாரையும் கேட்காமல் அந்த 43 பெட்டிகளையும் கீறினேன்.

விரிவுரையாளர் திருப்பி அனுப்பிய பிறகு அந்தப் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போய் மெசினில் நிற்கிற அண்ணையிடம் காட்டினேன். பக்கங்களைப் பதித்த தகட்டை, நாங்கள் பிளேட் என்பதை, பூட்டி அடிக்கிற ஒப்செட் மெசினில் 25 வருடத்துக்கு மேல் நின்றவர். மை துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வடிவாகப் பார்த்தார். "பிள்ளை, நான் பிளேட் பூட்டிறது இதில இருக்கு, அடிக்கிறது இருக்கு. பிளேட் வரும் வரும் எண்டு பார்த்துக்கொண்டு நிக்கிறது எங்க இருக்கு?" என்றார்.

விரிவுரையாளரின் கேள்வியும் இதுவும் ஒன்றுதான் என்று எனக்கு அந்த இடத்திலேயே பிடிபட்டது. நான் வேலைகளைக் கீறியிருந்தேன். வேலைகளுக்கு நடுவில் கிடக்கிற காத்திருப்பைக் கீறவில்லை.

சரி என்று அடுத்து வந்த ஒரு கல்வெட்டை ஆரம்பத்தில் இருந்து முடிவு வரை கூடவே நடந்து பார்த்தேன். ஒரு சிறிய கொப்பி, ஒரு பேனை, யாராவது அந்த வேலையைத் தொட்டால் நேரம், விட்டால் நேரம். ஆள் இறந்து 5ஆம் நாள் எங்களிடம் வந்தது, 29ஆம் நாள் பெட்டி கட்டிப் போனது. 24 நாள். அதில் மனிதக் கை பட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறத்தாழ 15 மணித்தியாலம்: எழுத்து அடித்தது, திருத்தியது, படங்களை ஒழுங்குபடுத்தியது, பிளேட், அச்சு, மடிப்பு, பின் அடிப்பு, வெட்டு எல்லாம் சேர்த்து. மிச்சம் முழுக்க அந்தப் புத்தகம் எங்கேயோ கிடந்திருக்கிறது. ஒரு மேசையில், ஒரு போனில், ஒரு கையெழுத்துக்காக. நாங்களோ இவ்வளவு காலமும் எழுத்து அடிக்கிற தங்கச்சியைத்தான் கொஞ்சம் கெதியாக அடி என்று கரைச்சல் கொடுத்துக்கொண்டிருந்தோம். அவள் இரண்டு மடங்கு வேகமாக அடித்திருந்தாலும் மிஞ்சுவது இரண்டு மூன்று மணித்தியாலம். அதை நினைக்க இப்போதும் எனக்கு மனம் வருந்துகிறது.

ஆகப் பெரிய காத்திருப்பு எங்கே தெரியுமா, புரூப்பில், அதாவது அடிக்க முதல் பிழை பார்க்கக் குடும்பத்துக்கு அனுப்புகிற மாதிரிப் பக்கங்களில். இறந்தவரின் பிள்ளைகள் ரொறன்ரோவில், லண்டனில், ஒருவர் கொழும்பில். புரூப்பை வட்ஸ்அப்பில் அனுப்புவோம். கோடைக்கால நேரத்தில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். எங்கள் பின்னேரம் ஆறரைக்கு அனுப்பினால் அங்கே காலை 9 மணி, அவர்கள் வேலை முடிந்து வந்து இரவு பார்த்து எழுதினால் எங்களுக்கு விடியக் கையில் இருக்கும். தங்கச்சி ஆறரைக்கு வேலையை முடித்துவிட்டு, கடை பூட்டுகிற நேரம்தானே, நாளைக்குக் காலமை அனுப்புவோம் என்று வைத்தால்? காலை ஒன்பதுக்கு அனுப்புகிறோம், அங்கே இரவு பதினொன்றரை, படுத்துவிடுவார்கள். எழும்பி வேலைக்குப் போய் வந்து பார்த்து எழுத எங்களுக்கு மற்ற நாள் விடிந்துவிடும். அரை நிமிட வேலையைப் பின்போட்டதற்கு ஒரு முழு நாள். இப்படி நாலு புரூப் போனால் நாலு நாள். எங்களில் ஒருவருக்கும் இது கண்ணில் படவில்லை, ஏனென்றால் யாருடைய வேலையும் இதில் பிழைக்கவில்லை, ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைச் சரியாகத்தான் செய்தார்கள்.

இந்த இடத்தில் குறியீடு உண்மையிலேயே உதவியது. பிபிஎம்என்னில் எங்கள் கட்டுப்பாட்டில் இல்லாத ஆளைத் தனிக் குளமாக, அதாவது ஒரு தரப்புக்கென்று ஒதுக்கிய தனிக் கட்டமாகக் கீற வேண்டும், எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் விட்டுவிட்டுக் கீறிய கோட்டில் செய்தி மட்டும்தான் போகலாம். முதல் படத்தில் குடும்பத்தை எங்கள் அச்சகத்தின் குளத்துக்குள்ளேயே ஒரு தடமாக, ஒரு உட்பிரிவாகப் போட்டிருந்தேன், ஏதோ அவர்களும் எங்கள் சம்பளப் பட்டியலில் இருப்பதுபோல. தனிக் குளமாக்கியதும் எத்தனை செய்தி போய் வருகிறது என்று பளிச்செனத் தெரிந்தது. அதைவிட, குளத்துக்குள் மூன்று பிள்ளைகள், மூன்று பேரும் வேறு வேறாகத் திருத்தம் அனுப்புகிறார்கள், ஒருவர் போட்டதை மற்றவர் வெட்டுகிறார். வம்சாவளியில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்காக 7 தரம் புரூப் போன கல்வெட்டும் எங்களிடம் இருக்கிறது.

கருத்தரங்கில் மைக்கேல் ஹமர் 1990இல் எழுதிய போர்ட் கார்க் கம்பனிக் கதையைப் படித்தோம். கொடுப்பனவுப் பிரிவில் 500 பேருக்கு மேல். கணினி போட்டு 20 வீதம் ஆட்களைக் குறைக்கலாம் என்று திட்டம் வைத்திருந்தவர்கள் மஸ்டாவைப் போய்ப் பார்த்தால் அங்கே அதே வேலைக்கு 5 பேர். மஸ்டா சின்னக் கம்பனிதானே என்று வகுப்பில் ஒருவர் கேட்டார், நல்ல கேள்வி. அந்த அளவு வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்தும் போர்ட்டின் பிரிவு இருக்க வேண்டியதைவிட ஐந்து மடங்கு பெரிதாக இருந்ததாம். கொள்வனவுக் கட்டளை, சாமான் வந்த சீட்டு, விற்றவர் அனுப்புகிற விலைப்பட்டியல் (இன்வொய்ஸ்) மூன்றையும் 14 விடயங்களில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பொருந்தாதவற்றைத் துரத்துவதிலேயே நாள் போனது. கடைசியில் விலைப்பட்டியலையே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். சாமான் வந்து இறங்கும் இடத்திலேயே கட்டளையோடு சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் காசு போகும். ஆட்கள் 75 வீதம் குறைந்தார்கள்.

ஆட்களைக் குறைக்கிறதில் எனக்கு எந்த விருப்பமும் இல்லை, எங்கள் அச்சகத்தில் மொத்தமே ஆறு பேர். நான் எடுத்துக்கொண்டது, எந்தப் படி தேவையே இல்லை என்று முதலில் கேட்பதை. எங்களிடம் அப்படி ஒன்று இருந்தது. பிளேட் போட முதல் ஒவ்வொரு புரூப்பிலும் முதலாளி ஐயா கையெழுத்து வைக்க வேண்டும். எப்போதோ ஒரு அழைப்பிதழில் முகூர்த்த நேரம் பிழைத்துப்போய், அதற்குப் பிறகு வந்த வழக்கம். ஐயா நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோவிலில்தான் நிற்பார். அந்த மாதத்து வேலைகள் எல்லாம் கையெழுத்துக்காக மேசையில் கிடக்கும். ஆனால் குடும்பம் பார்த்துச் சரி என்று எழுதிய புரூப்பில் ஐயா பிடித்த பிழை என்று கொப்பியில் பார்த்தால் ஒன்றும் இல்லை. அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? ஐயா, உங்கள் கையெழுத்து வேண்டாம் என்று சொன்னால் யாருக்குத்தான் நோகாது. நான் கொப்பியைத்தான் கொடுத்தேன். அவரே இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு, "விலைக்கும் கலர் அட்டைக்கும் மட்டும் எனக்குக் காட்டுங்கோ பிள்ளை" என்றார். உங்கள் செயற்றிட்டத்தில் யாருடைய படியை எடுக்கப் போகிறீர்களோ அந்த ஆளுக்கே முதலில் தரவைக் காட்டுங்கள், வகுப்பில் காட்டுவதற்கு முதல்.

லிட்டிலின் விதியையும் சொல்லாமல் விட முடியாது. ஜோன் லிட்டில் 1961இல் நிறுவியது. உள்ளே கிடக்கிற வேலைகளின் எண்ணிக்கையை ஒரு நாளைக்கு முடிந்து போகிற எண்ணிக்கையால் பிரித்தால் ஒரு வேலை சராசரியாக எத்தனை நாள் உள்ளே இருக்கும் என்று வரும். நோட்டீஸ், பில் புத்தகம், கல்வெட்டு எல்லாம் சேர்த்து எங்கள் மேசைகளில் ஒரு திங்கட்கிழமை எண்ணினேன், 24. நாளுக்கு 3 வெளியே போகும். அப்போ 8 நாள். நாங்களோ வருகிற ஆட்களுக்கெல்லாம் மூன்று நாளில் தருகிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு தங்கச்சியின் மேசையில் ஒரே நேரத்தில் ஆறு வேலைக்கு மேல் வைப்பதில்லை, மற்றவை என்னிடம் முன்மேசையில் வரிசையில் இருக்கும். அவளுக்கு முகம் தெளிந்தது முதல் மாற்றம்.

தரவு எடுக்கிற விடயத்தில் ஒரு பிழை விட்டேன், நீங்கள் விடக்கூடாது. எல்லாரும் நேரம் பதியட்டும் என்று ஒரு டப்லெட்டும் விரிதாளும் கொண்டுபோய் வைத்தேன். ஒருவரும் பதியவில்லை. மூன்றாம் நாள்தான் யோசித்தேன், கை முழுக்க மையோடு நிற்கிற அண்ணை எப்படி அதைத் தொடுவார்? பிறகு ஒவ்வொரு வேலையின் உறையிலும் நூலால் ஒரு மட்டை கட்டினேன், பேனையும் அதிலேயே, வந்த நேரம் போன நேரம் இரண்டே நிரல். அது ஓடியது. இன்னொரு நல்ல மூலம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது, வட்ஸ்அப். ஒவ்வொரு செய்தியிலும் நேரம் இருக்கிறது. பதிவான நேரங்களை வைத்து வேலை உண்மையில் எப்படி ஓடியது என்று கண்டுபிடிக்கிற, செயன்முறை அகழ்வு என்று இப்போது பெரிதாகப் பேசப்படுகிற துறைக்கு அடிப்படையாக வேண்டியது மூன்றே நிரல்: எந்த வேலை, என்ன செயல், எப்போது. இந்தத் துறையை வளர்த்தெடுத்த வில் வான் டெர் ஆல்ஸ்ட் 2014இல் கோசேரா என்கிற இணையப் பாடத்தளத்தில் தொடங்கிய பாடத்தை நான் இரவில் இருந்து பார்த்தேன், நல்ல பாடம். ஆனால் மட்டையையும் வட்ஸ்அப்பையும் பார்த்து என் கையால் அந்த மூன்று நிரலையும் நிரப்பியபோதுதான் அது எனக்குள் இறங்கியது.

ஆட்களைக் கேட்கும்போது "நீங்கள் இதை வழக்கமா எப்பிடிச் செய்வீங்கள்" என்று கேட்காதீர்கள். எல்லாரும் நடக்க வேண்டியதைத்தான் சொல்வார்கள். "கடைசியா முடிஞ்ச கல்வெட்டு ஆருடையது, அது எப்பிடிப் போச்சு" என்று கேளுங்கள். அப்போதுதான் பிளேட் செய்கிற கடைக்குத் தம்பி பின்னேரம் மூன்று மணிக்கு ஒரே ஒரு தடவைதான் போய் வருவான் என்பதும், மூன்றேகாலுக்கு முடிந்த பக்கங்கள் மற்ற நாள் வரை கிடக்கும் என்பதும் வெளியே வரும். இப்போது காலையும் ஒருக்காப் போகிறான். பெற்றோல் செலவு கொஞ்சம் கூட. அண்ணை பார்த்துக்கொண்டு நிற்பது குறைவு.

பெட்டிகளுக்குப் பெயர் வைப்பதையும் சொல்லிவிடுகிறேன். மெண்ட்லிங், ரெய்யர்ஸ், வான் டெர் ஆல்ஸ்ட் மூவரும் 2010இல் எழுதிய ஏழு நெறிகளில், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு வினையும் ஒரு பொருளும் இருக்க வேண்டும், படம் 50 உறுப்புகளைத் தாண்டினால் உடைக்க வேண்டும் என்று இருக்கிறது. என் 43 பெட்டியோடு வட்டமும் சாய்சதுரமும் சேர அது எப்போதோ தாண்டிவிட்டது. பாடம் ஆங்கிலத்தில் நடந்ததால் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன், அண்ணைக்கும் தங்கச்சிக்கும் அது தூரமாக இருந்தது. தமிழில் மாற்றினேன். முதலில் "திருத்தம்" என்று ஒரு பெட்டி. யார் திருத்துவது, குடும்பமா நாங்களா? "புரூப்பில் பிழை குறி", "எழுத்தைத் திருத்து" என்று இரண்டாகப் பிரித்ததும் சண்டை தீர்ந்தது. ஒப்படைக்கு ஆங்கிலப் பிரதி கொடுங்கள், வேலைத்தலத்தில் தமிழ்ப் பிரதியை ஒட்டுங்கள். இரட்டை வேலைதான், ஆனால் தமிழ்ப் பிரதியில்தான் ஆட்கள் பென்சிலால் திருத்தினார்கள்.

கற்கைநெறி தேடுகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான்: புள்ளி எதற்குக் கொடுக்கிறார்கள் என்று சேர முதலே கேளுங்கள். முழுப் புள்ளியும் எழுத்துப் பரீட்சைக்குப் போகிறதென்றால் குறியீட்டைப் பாடமாக்கிவிட்டு வருவீர்கள். உண்மையான ஒரு இடத்தில் போய் நிற்க விடுகிற, இடையில் இரண்டு தரமாவது படத்தைத் திருப்பி அனுப்புகிற கருத்தரங்கு இருக்கிற பாடம் என்றால் தூரம் பார்க்காமல் எடுங்கள். சின்ன இடத்தில் வேலை செய்கிறேன், பெரிய கம்பனி இல்லையே என்று கூச்சப்படவும் வேண்டாம். என் வகுப்பில் வங்கியில் இருந்து வந்தவர்கள் தரவு எடுக்க அனுமதிக்காகவே ஒரு தவணை அலைந்தார்கள். எனக்கு ஐயாவிடம் ஒரு சொல் கேட்டால் போதுமாக இருந்தது.

புதிய படத்தில் 19 பெட்டிகள். வேலை ஏற்கும்போதே திருத்தம் சொல்லப்போகிற ஒரேயொரு ஆளின் பெயரையும் போன் இலக்கத்தையும் மட்டையில் எழுதிவிடுகிறோம், மற்றவர்கள் அவரிடம் சொல்லட்டும். தேவாரப் பக்கங்கள் எப்போதும் மாறாது, அதனால் வாழ்க்கை வரலாறு வரும்வரை காத்திராமல் அவற்றைச் சமாந்தரமாகவே தொடங்குகிறோம், படத்தில் அது கூட்டல் குறி போட்ட சாய்சதுரம். புரூப் எந்த நேரம் முடிந்தாலும் கடை பூட்ட முதல் போய்விட வேண்டும். கல்வெட்டு 27ஆம் நாள் பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கு.

தீராமல் கிடப்பது அட்டைப் படம். செயன்முறைப்படி பார்த்தால் வேலை ஏற்கிற 5ஆம் நாளே படத்தைக் கேட்டு வாங்க வேண்டும், முதல் வடிவத்தில் அப்படித்தான் கீறினேன், கேட்டும் பார்த்தேன். ஒரு அம்மா, கணவர் போய் ஐந்து நாள், அலுமாரியைத் திறந்து அல்பத்தை எடுக்க ஏலாமல் என் முன்னால் அழுதார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை அழித்துவிட்டேன். எட்டாம் நாளையொட்டி நடக்கிற எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் காலை பத்து மணிக்கு நானே போன் எடுக்கிறேன், அதற்குள் பெரும்பாலும் வீட்டில் யாராவது ஒருவர் படத்தைத் தேடி வைத்திருக்கிறார்கள். சுவரில் ஒட்டியிருக்கும் செயன்முறைப் படத்தில் அந்த அழைப்புக்கு முன்னால் ஒரு இரட்டை வட்டம், அதற்குள் ஒரு சின்ன மணிக்கூடு.